பெட்டி வாசித்தவர் யார்?

'ஆல்பம்' என்ற சொல் முதலில் ஓர் இசைத்தட்டைக் குறிக்கவில்லை. ஒரு புத்தகத்தைத்தான் குறித்தது. நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய பழைய அரக்குத் தட்டு, பத்து அங்குல அகலத்தில், பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் கொசுறும் பாடும். அதற்கு மேல் பாட இடம் இல்லை. ஒரு நாடகத்தையோ நீண்ட கீர்த்தனையையோ முழுதாகக் கேட்க வேண்டுமானால் ஐந்தாறு தட்டுகள் வேண்டும். கைதவறினால் உடைந்து போகும் அந்தத் தட்டுகளைப் பத்திரப்படுத்த, கல்யாணப் படங்களை ஒட்டி வைக்கும் புத்தகத்தைப் போலவே தடித்த அட்டை போட்டு, உள்ளே உறை உறையாகத் தைத்து ஒரு புத்தகம் செய்தார்கள். அதற்குத்தான் ஆல்பம் என்று பெயர். 1948ஆம் ஆண்டு அமெரிக்காவில் கொலம்பியாக் கம்பெனியார் பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும் நீண்ட தட்டைக் கொண்டு வந்ததும் புத்தகம் போயிற்று. பெயர் மட்டும் தட்டோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிட்டது.

நீண்ட தட்டு வந்த பிறகுதான் 'தொகுப்பு' என்ற வியாபாரமும் சூடு பிடித்தது. ஒருவர் பத்து வருஷமாகப் பத்து இடங்களில் பாடி வைத்த துண்டு துண்டான பாட்டுக்களைத் திரட்டி, ஒரே தட்டில் அடைத்து, மேலே அவருடைய படத்தைப் போட்டு விற்பது. கம்பெனிக்குச் செலவு குறைவு. பாடுகிறவர் மறுபடியும் வந்து பாட வேண்டியதில்லை. உயிரோடு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இதில் லாப நோக்கம் இருக்கிறது என்பது உண்மையே. ஆனாலும் சங்கீதத்தைப் பொறுத்தவரை தொகுப்பு என்பது ஒரு சிறு சரித்திரம். எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள், மேலட்டையில் யார் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டார்கள் என்பதைப் பார்த்தால், அந்தப் பாட்டு யாருடைய சொத்து என்று அந்தக் காலம் நினைத்தது என்பது தெரிந்து போகும்.

இதற்கு அமெரிக்க நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். அங்கே 'ஸோல் ஜாஸ்' என்று ஒரு வகைச் சங்கீதம் உண்டு. நீக்ரோ மக்கள் என்று அன்று அழைக்கப்பட்ட கறுப்பு மக்களின் மாதா கோயில் பஜனையும், ஊர்ப்புறத்துச் சோகப் பாட்டும், ஜாஸ் என்னும் கற்பனை சங்கீதமும் கலந்தது அது. அதன் முக்கிய வாத்தியம் ஆர்கன். 1935இல் சிகாகோவில் லாரன்ஸ் ஹாமண்ட் என்பவர் மின்சாரத்தால் சுழலும் உலோகச் சக்கரங்களைக் கொண்டு அதைச் செய்தார். பெரிய குழாய் ஆர்கன் வாங்கப் பணம் இல்லாத சிறு மாதா கோயில்கள்தான் அவருடைய முக்கிய வாடிக்கை. ஆனால் அது கோயிலோடு நிற்கவில்லை. ஜிம்மி ஸ்மித் என்பவர் ஒரு கிடங்கில் அந்த வாத்தியத்தோடு மாதக்கணக்கில் தன்னைப் பூட்டிக்கொண்டு சாதகம் செய்து, 1956இல் வெளியே வந்து தட்டுக் கொடுத்தபோது நியூயார்க் ரசிகர்கள் அயர்ந்து போனார்கள். வலது கை பாட்டு. இடது கை தாங்கல். காலடியில் மந்தர ஸ்வரம். ஒரே ஆள் முக்கால் வாத்திய கோஷ்டி!

அந்த வரிசையில் வந்த ஜாக் மெக்டஃப் என்ற ஆர்கன் வித்வான் 1960களில் ஒரு சிறுவனைக் கித்தார் வாசிக்கத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். பையனுடைய பெயர் ஜார்ஜ் பென்சன். பிற்பாடு பென்சன் 1976இல் பாடகராகவும் உலகப் புகழ் பெற்றுவிட்டார். பழைய கம்பெனியார் சும்மா இருப்பார்களா? அவர்கள் இருவரும் சேர்ந்து வாசித்த இரண்டு பழைய தட்டுகளை ஒன்றாகக் கட்டி, ஒரு தொகுப்பாக வெளியிட்டார்கள். அட்டையில் முதலில் பென்சன் பெயர். அதற்கு அடுத்தாற்போல்தான் எஜமானர் மெக்டஃபின் பெயர். தொகுப்புச் சரித்திரம் எப்படி எழுதப்படுகிறது பாருங்கள். இருந்தாலும், மெக்டஃபின் பெயர் இரண்டாவதாகவாவது இருக்கிறது. அவருக்கென்றே தனித் தொகுப்புகளும் பல வந்தன. அந்த நாட்டு ஆர்கன்காரருக்கு அவ்வளவு மரியாதையாவது மிஞ்சிற்று.

நம் நாட்டு ஆர்கன்காரருக்கு என்ன மிஞ்சிற்று?

நம் நாட்டு ஆர்கன் என்று நான் சொல்வது ஹார்மோனியத்தை. நம் ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'பெட்டி'. வாசிக்கிறவர் பெட்டிக்காரர். அதன் பூர்வோத்திரமும் ஹாமண்ட் ஆர்கனுடையதைப் போலத்தான். 1842இல் பாரிஸில் அலெக்ஸாண்டர் டெபேன் என்பவர் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். குழாய் ஆர்கன் வாங்க முடியாத சிறு தேவாலயத்துக்கும் வீட்டுக்கும் ஏற்ற வாத்தியம் என்று அது ஐரோப்பாவில் பரவிற்று. பாதிரிமார்கள் அதைக் கப்பலில் இங்கே கொண்டு வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலால் மிதித்துக் காற்று ஊட்ட வேண்டிய அந்த வாத்தியத்தைக் கல்கத்தாவில் துவாரகநாத கோஷ் என்ற வாத்தியக் கடைக்காரர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் குறுக்கிச் சிறிதாக்கினார். பின்புறத்துத் துருத்தியை இடது கையால் அசைத்தபடி, வலது கையால் வாசிக்கலாம். சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்து கொள்ளலாம். இந்தியனின் உட்காரும் பழக்கத்துக்கு இணங்கிய மறு விநாடியே அது இந்திய வாத்தியம் ஆகிவிட்டது. அந்தப் பெட்டியைத் தமிழ்நாட்டில் இருகரம் நீட்டி வரவேற்றவர்கள் நாடகக்காரர்கள்.

சேலத்திலிருந்து ராசிபுரம் பக்கம் போனால் வெண்ணந்தூர் வரும். பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். 1997 முதல் நாமக்கல் ஜில்லா. தறி ஓசை கேட்கும் ஊர். இந்தப் பிரதேசத்து நெசவாளர் ஊர்களில் 'பாவடி' என்று ஒரு திறந்த வெளி உண்டு. காலையில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் இடம். ராத்திரியில் அதே இடம் சும்மா கிடக்கும். மாரியம்மன் பண்டிகை வந்தால் அங்கே நாலு மூங்கிலை நட்டுப் பந்தல் போட்டால் கொட்டகை தயார். கூத்து நடந்தாலும் நாடகம் நடந்தாலும் ஜனங்கள் பாயும் போர்வையுமாக வந்து விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். பகலெல்லாம் ஒரே தாளத்தில் தறி மிதித்த காலுக்கும் காதுக்கும் ராத்திரியில் வேறு தாளம் வேண்டியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நெசவாளர்கள் பாட்டு விஷயத்தில் சாமானிய ரசிகர்கள் அல்லர். தாளம் தவறினால் முன்வரிசைப் பாயிலிருந்தே கனைப்புக் கேட்கும்.

அந்த நாடகங்களில் பெரும்பாலானவை சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்தவை. 1867இல் பிறந்து 1922இல் மறைந்த அந்த மகான் எழுதிக் குவித்த வள்ளி திருமணத்தையும், கோவலனையும், பவளக்கொடியையும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு நாடகக்காரர்கள் ஒரு நூற்றாண்டு பிழைத்தார்கள். அவற்றை நடத்தும் முறைகளில் 'ஸ்பெஷல் நாடகம்' என்பது விசித்திரமானது. ராஜபார்ட்டு ஓர் ஊர், ஸ்திரீபார்ட்டு ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி, அரிதாரம் பூசிக்கொண்டு, மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திப்பார்கள்.

இத்தனை பேரையும் ஒரே நாடகமாகக் கட்டி நிறுத்துகிறவர் யார் என்றால், மேடையின் ஓரத்தில் வேஷம் போடாமல் உட்கார்ந்திருக்கும் பெட்டிக்காரர்தான். ராஜபார்ட்டு எந்தச் சுருதியில் எடுப்பார், ஸ்திரீபார்ட்டின் குரல் இன்று எவ்வளவு தூரம் ஏறும், இரண்டும் ஒத்து வராத இடத்தில் தர்க்கப் பாட்டை எந்த ஸ்வரத்தில் சந்திக்க வைப்பது, எல்லாம் அவர் கணக்கு. நடிகர் அடியை மறந்தால் அவர் பின்பாட்டில் எடுத்துக் கொடுப்பார். குரல் கம்மினால் பெட்டியை முழங்க வைத்து மறைப்பார். நாரதர் வர நேரமானால் ஒரு மோகனத்தைப் போட்டு ஜனங்களைப் பிடித்து வைப்பார். பபூன் கேலி செய்தால் பதிலும் சொல்வார். திரை தூக்குவதற்கு முன் பெட்டியும் மிருதங்கமும் தனியாகப் போடும் அந்த முதல் வாசிப்புக்கென்றே நேரத்தோடு வந்து இடம் பிடிக்கிறவர்களும் உண்டு. பிருகா என்றால் அதுதான் பிருகா! விரல் எங்கே இருக்கிறது என்று கண் தேடுவதற்குள் காது கேட்டு முடித்துவிடும்.

வெண்ணந்தூர்ப் பக்கத்து முதியவர் ஒருவர் பழைய நாடகங்களைப் பற்றி என்னிடம் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தார். ராஜபார்ட்டு பெயர்கள், ஸ்திரீபார்ட்டு பெயர்கள் எல்லாம் நாவின் நுனியில் இருந்தன. பெட்டிக்காரர் பெயரைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துப் பார்த்தார், சிரித்தார். "பாவு ஓட்டுனவன் பேரக் கேட்டுட்டா தம்பி சேல வாங்கறாங்க?" என்றார்.

இந்த மறதியில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைக்கும் தமிழ்நாட்டில் பாடுகிற எவரும் தம்முடைய சுருதியைக் 'கட்டை'க் கணக்கில்தான் சொல்கிறார். ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை. பெண்கள் ஐந்து, ஐந்தரை. நாகஸ்வரக்காரரும் அப்படியே சொல்கிறார். இந்தக் கட்டை எது? பெட்டியில் விரல் வைத்து அழுத்தும் அந்த மரக்கட்டைதான். முதல் வெள்ளைக் கட்டை ஒன்று. அதையடுத்த கறுப்புக் கட்டை ஒன்றரை. அடுத்த வெள்ளை இரண்டு. இப்படியே ஏழு வரைக்கும். "ஹார்மோனியமா? சேச்சே!" என்று முகம் சுளிக்கிற வைதிக வித்வானும், மேடையில் ஏறியதும் தம்புராக்காரரிடம் கட்டை சொல்லித்தான் சுருதி கேட்கிறார்.

கிராமபோன் கம்பெனியார் 1902இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கி, சில வருஷங்களுக்குள் தெற்கேயும் வந்துவிட்டார்கள். அந்த முதல் வரிசையிலேயே நம் சேலம் கோதாவரியின் குரல் தட்டில் ஏறிற்று. அப்போது மைக் கிடையாது. ஒரு பெரிய தகரக் கூம்புக்குள் தலையை நீட்டிப் பாட வேண்டும். ஓசையின் பலத்தாலேயே ஊசி மெழுகைக் கீற வேண்டும். தம்புராவின் நுண்ணிய ரீங்காரம் அந்தக் கூம்புக்குள் போய்ச் சேராது. பித்தளை நாக்குகள் அதிரும் பெட்டியின் முழக்கம் சேரும். ஆகையால் பழைய தட்டுகளில் பெட்டி பிரமாதமாகக் கேட்கிறது. வீட்டில் பழைய தட்டு இருந்தால் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் பாடினவர் பெயர் இருக்கும், ராகம் இருக்கும், தாளம் இருக்கும், கம்பெனியின் நாய்ப் படமும் இருக்கும். பெட்டிக்காரர் பெயர் பெரும்பாலும் இராது. நாய்க்குக் கிடைத்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

விதிவிலக்காக ஒருவரை நாம் அறிவோம். செங்கோட்டைக் கிட்டப்பாவின் சகோதரர் காசி ஐயர். 1906இல் பிறந்து, 1933 டிசம்பரில், இருபத்தேழே வயதில் மறைந்து போன கிட்டப்பாவின் குரலைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். கன்னையா கம்பெனியின் தசாவதாரத்தில் அவர் பாடியதையும், கொடுமுடி சுந்தராம்பாளோடு அவர் ஜோடி சேர்ந்ததையும் கதை கதையாகச் சொல்கிறார்கள். அந்தக் குரல் ஆகாயத்தில் வட்டமிட்ட போதெல்லாம் கீழே பெட்டியில் காசி ஐயர் இருந்தார். கிட்டப்பாவின் தட்டுகள் பின்னால் நீண்ட தட்டாயின, காஸெட் ஆயின. குரல் எடுப்பதற்கு முன் இரண்டு விநாடி, சங்கதிக்கும் சங்கதிக்கும் நடுவே ஒரு விநாடி, அந்த இடைவெளிகளில் பெட்டியின் பதில் பளிச்சென்று கேட்கிறது. தம்பி என்ன செய்யப் போகிறான் என்பதைத் தம்பிக்கு முன்பே அறிந்த கை போலிருக்கும். ஆனால் அதைக் காசி ஐயரின் தட்டு என்று யாராவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? கூடப் பிறந்ததனால் அவர் பெயராவது நமக்குத் தெரிகிறது. கூடப் பிறக்காத பெட்டிக்காரர்கள் எத்தனை பேர்!

தட்டுக்காரர்கள் பெயரை விட்டார்கள். ரேடியோக்காரர்கள் வாத்தியத்தையே விட்டுவிட்டார்கள். 1940 மார்ச் 1ஆம் தேதி முதல் அகில இந்திய ரேடியோவில் ஹார்மோனியத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. அப்போது ரேடியோவின் தலைமை அதிகாரி லயனல் ஃபீல்டன் என்ற ஆங்கிலேயர். அவருடைய இலாகாவிலேயே மேனாட்டுச் சங்கீதப் பகுதியில் இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்பவர் அதற்கு இரண்டு வருஷம் முன்பே பெட்டியைக் கிழி கிழி என்று கிழித்து எழுதியிருந்தார். கவி தாகூரும் 1940 ஜனவரியில் கல்கத்தா நிலையத்துக்குக் கடிதம் எழுதி, அதை வெளியேற்றச் சொன்னார். இதில் ஒரு விநோதம்: வெள்ளைக்காரன் கொண்டு வந்த வாத்தியத்தை வெள்ளைக்காரர்களே இந்தியத் தன்மை இல்லாதது என்று சொல்லி விலக்கினார்கள்.

அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பெட்டியின் ஸ்வரங்கள் மேனாட்டு முறைப்படி பன்னிரண்டு சம படிகளாக வெட்டப்பட்டவை. படிக்கும் படிக்கும் நடுவே இறங்க வழி இல்லை. கமகம்தான் கர்நாடக சங்கீதத்தின் ஜீவன். தோடியின் காந்தாரத்தைப் பெட்டியில் அசைத்துக் காட்டச் சொன்னால், பாவம், அது இரண்டு கட்டைகளுக்கு நடுவே தடுமாறும். கச்சேரிக்குப் பக்கவாத்தியமாக அது வேண்டாம், வயலின் போதும் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் தடை கச்சேரிக்கு மட்டுமா விதிக்கப்பட்டது? நாடகப் பாட்டுக்கும், பஜனைக்கும், நாட்டுப் பாட்டுக்கும் சேர்த்தல்லவா? ஒரு வாத்தியத்துக்கு இன்னது வராது என்பதை மட்டும் பார்த்தார்கள். அதற்கு வருவது என்ன என்று பாவடியில் வந்து உட்கார்ந்து கேட்கவில்லை. ஹாமண்ட் ஆர்கனிலும்தான் ஸ்வரத்தை வளைக்க முடியாது. ஜிம்மி ஸ்மித் வளைக்கவில்லை. அடுத்தடுத்த கட்டைகளை விரலால் வழித்து, வளைந்தது போலக் காதை ஏமாற்றினார். நம் பெட்டிக்காரரின் பிருகாவும் அதே வித்தைதான்.

திருச்சி ரேடியோ நிலையம் தொடங்கியது 1939 மே மாதம். எங்கள் பக்கத்து ஜனங்கள் கேட்டது அதைத்தான். ஆக, பெட்டிக்கு அங்கே கிடைத்த ஆயுள் பத்து மாதம்கூட இல்லை. சுதந்திரம் வந்தது; தடை போகவில்லை. மந்திரிகள் மாறினார்கள்; தடை மாறவில்லை. 1970இல் டில்லியில் வித்வான்களையும் நிபுணர்களையும் கூட்டி விவாதம் நடத்தி, 1971இல்தான் அதைத் தளர்த்தினார்கள். அதுவும் கதவை முழுக்கத் திறந்துவிடவில்லை. உயர்ந்த தர நிர்ணயம் பெற்ற கலைஞர்களுக்குப் பக்கவாத்தியமாக என்று ஒருக்களித்துத்தான் திறந்தார்கள்.

நடுவில் போன அந்த 31 வருஷம் சாமானியமானதல்ல. ஒலிநாடா வந்து, மூன்று நிமிஷக் கட்டுப்பாடு நீங்கி, ஒரு வித்வானின் முழு வாசிப்பையும் பிடித்து வைக்கக் கூடிய வசதி ஏற்பட்ட காலம் அது. வயலின், வீணை, நாகஸ்வரம் எல்லாம் அந்த வருஷங்களில் ரேடியோ நிலையத்தின் அலமாரிகளில் நாடா நாடாகச் சேர்ந்தன. பிற்காலத்தில் அவற்றிலிருந்து எடுத்து ஆகாசவாணியாரே தொகுப்புகள் வெளியிட்டார்கள். பெட்டிக்கு அலமாரியில் இடம் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை நேரில் கண்டு, கிட்டப்பா காலத்துக் கொட்டகைகளில் வாசித்த கைகள் அந்த 31 வருஷத்தில்தான் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

பெட்டி அப்போது போய்ச் சேர்ந்த இடம் சினிமா. திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம், நெசவுத் தொழில் படிக்க இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போய் வந்தவர், 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். துணி நெய்யும் பிரதேசத்தில் படம் நெய்யத் தொடங்கிய அவருடைய 'மந்திரி குமாரி'க்கு 1950இல் சங்கீதம் அமைத்தவர் ஜி. ராமநாதன். அவர் தம் தமையனார் சுந்தர பாகவதரின் கதா காலட்சேபத்தில் பெட்டி வாசித்து வளர்ந்தவர். பின்னால் வந்த விசுவநாதனும் இளையராஜாவும் மெட்டுப் போட உட்கார்ந்தது பெட்டியின் முன்னால்தான். தமிழ்நாடே முணுமுணுத்த பாட்டுக்கள் ஓர் அறையில், ஒரு பெட்டியில், முதலில் பிறந்தன. தட்டுக்கு வரும்போது அங்கே வயலின்கள் ஐம்பது இருக்கும். பெட்டி அறையிலேயே தங்கிவிடும். பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டுக் கல்யாணப் பந்தலுக்கு வராத தாய் மாதிரி.

ஸ்பெஷல் நாடகம் இன்னும் சாகவில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்தில் நடிகர் சங்கங்கள் இருக்கின்றன; பங்குனி, சித்திரை மாதங்களில் அவர்களுக்கு ராத்தூக்கம் கிடையாது. சேலம், நாமக்கல் கிராமங்களில் கூத்து நடக்கிறது. முகவீணையோடு பெட்டியும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. வெண்ணந்தூரில் கைத்தறி குறைந்து விசைத்தறி பெருகிவிட்டதால், பேச்சே காதில் விழாத அளவுக்கு இரைச்சல். ஆனாலும் தறிக்காரர்கள் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடியேதான் வேலை செய்கிறார்கள். கேட்பது கைபேசியில். நாடகம் நடக்கும் இடத்தில் முன்வரிசைப் பாயில் இருப்பவர்களும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

திரை தூக்கும் முன் நடக்கும் அந்த முதல் வாசிப்பை, பெட்டியும் மிருதங்கமும் போட்டி போடும் அந்த அரை மணி நேரத்தை, இப்போது முழுசாகப் பிடித்து வைக்கிறார்கள். மூன்று நிமிஷம் என்று யாரும் கையைக் காட்டி நிறுத்துவதில்லை. தலைப்பில் ஊர்ப் பெயர் இருக்கிறது. எந்தக் கோயில் பண்டிகை என்று இருக்கிறது. பெட்டி வாசித்தவர் பெயரையும் எழுதியிருக்கிறார்கள்.